‘பராக்கு’ என்று எழுதுவதற்கு முன்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் பணியாற்றும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிப்பவள். உங்களில் பலருடைய பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள், சிலரிடம் நானே படித்திருக்கிறேன். அந்த உரிமையோடுதான் இந்த மடல்.

என் மேசையில் ஒரு பழைய கொப்பி விரித்தபடி கிடக்கிறது. 2005 இல் என் தம்பி நாலாம் வகுப்பில் சொல்வதெழுதல் எழுதிய கொப்பி. ஒரு பக்கத்தில் “அப்பா காலையில் கடலுக்குப் போ” என்று எழுதிக்கொண்டு வந்தவன், அந்தப் ‘போ’வின் காலைக் கீழே இழுத்து, அடுத்த கோட்டையும் தாண்டி, மெல்லிய கீறலாக விட்டிருக்கிறான். அதற்குப் பக்கத்திலேயே “மீன்களை வாங்கிச் சென்றனர்” என்று எழுத்து மறுபடி ஒழுங்காகத் தொடங்குகிறது. நடுவில் ஒரு வசனத்துக்கு மேல் காணோம். கொப்பி முழுக்க இப்படித்தான். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் திரும்பத் திரும்ப ஒரே குறிப்பு: “பராக்கு. பெற்றோர் கவனிக்கவும்.”

பெற்றோர் கவனித்தார்கள். அம்மா அகப்பைக் காம்பால் அடித்தா. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள், நானும் தலையில் குட்டியிருக்கிறேன். சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகிறவன் பாதி வழியில் கையை நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நெஞ்சு கொதிக்கும். பத்துச் செக்கன் கழித்து ஒன்றும் நடக்காததுபோல அந்தக் கவளத்தை வாயில் வைப்பான். பாடசாலையில் முழங்காலில் நிறுத்தினார்கள், வெயிலில் நிறுத்தினார்கள், காதை முறுக்கினார்கள். கூடப் படித்த பெடியன்கள் ‘பராக்கன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சுனாமி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் அயலில் எல்லாரும் “பிள்ளை கடலைப் பார்த்துப் பயந்துபோச்சு” என்றார்கள். நூல் கட்டினோம், பார்வை பார்த்தோம், கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அதில் ஒன்றையும் நான் இப்போதும் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த வருடம் இந்த ஊரில் பிடித்துக்கொள்ள எல்லாருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் பயந்த பிள்ளைக்கு இப்படி வருவதில்லை என்று சொல்ல எங்களுக்குள் ஒருவர்கூட இருக்கவில்லை.

அடுத்த வருடம் காய்ச்சலுக்காகக் கூட்டிப்போன இடத்தில் ஒரு வைத்தியர், தம்பி ஒருமுறை அப்படி நின்றதைத் தற்செயலாகக் கண்டார். ஒரு தாளை நீளமாகக் கிழித்து அவன் வாய்க்கு நேரே பிடித்து, “தம்பி, இது ஆடுற மாதிரி ஊதிக்கொண்டே இரு” என்றார். அவனுக்கு அது விளையாட்டு. இரண்டு நிமிடம் போயிருக்கும், தாள் ஆடுவது நின்றது. கண் திறந்தபடி இருக்கிறது, இமை மட்டும் மெல்லத் துடிக்கிறது. வைத்தியர் அவன் காதருகே “யானை” என்றார். அசையவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன், பதினொன்று வரை. பிறகு தாள் திரும்ப ஆடத் தொடங்கியது. “இப்ப நான் என்ன சொன்னனான்?” என்று வைத்தியர் கேட்க, “ஊதச் சொன்னீங்கள்” என்றான்.

‘யானை’ அவனுக்குள் போகவே இல்லை. சொல்வதெழுதலில் விழுந்த வசனங்களும் அப்படித்தான் போயிருக்கின்றன.

இது வலிப்பின் ஒரு வகை. விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. அதனால்தான் வலிப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒரு நாளில் பத்து முறையும் வரலாம், நூறு முறையும் வரலாம். மூளையின் நடுவில் இருக்கும் பரிவகமும் மேலே இருக்கும் மேற்பட்டையும் ஓயாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவை. இந்தப் பிள்ளைகளில் அந்தச் சுற்று திடீரென்று ஒரே தாளத்தில் சிக்கிக்கொள்கிறது. கண்டியில் ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுத்தபோது அந்தத் தாளத்தை நான் தாளில் பார்த்தேன். கசமுசாவென்று ஓடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் ஒரே நொடியில், கூரான முள்ளும் வட்டமான அலையுமாக, செக்கனுக்கு 3 தடவை என்று அணிவகுக்கின்றன. பிறகு சட்டென்று பழையபடி கசமுசா. மனிதத் தலையிலிருந்து இந்த மின்னலைகளை முதன்முதலில் 1924 இல் பதிவுசெய்தவர் ஹான்ஸ் பேர்கர் என்ற ஜேர்மானிய வைத்தியர். அவர் பதிந்து எண்பது வருடத்துக்குப் பிறகும் என் தம்பி முழங்காலில் நின்றான்.

குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் அந்த நிற்றல் குறைந்தது, பிறகு நின்றே போனது. பதினாலு வயதில் வைத்தியரே குளிசையையும் நிறுத்தினார். இந்த வகை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவன் தவறவிட்ட பெருக்கலும் பின்னமும் விட்டது விட்டதுதான். சாதாரண தரத்தோடு படிப்பை முடித்துக்கொண்டான்.

செய்தி தெரிந்த அன்று மாலை அவனுடைய வகுப்பாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். சுனாமியில் அவருடைய வீடும் போய், உறவுக்காரர் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு வேலைக்கு வந்துபோனவர். குசினி வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, தங்கச்சி” என்று அழுதார். பதினைந்து வருடமாகப் படிப்பித்தவர். பிள்ளைகளின் தலைக்குள் போடத்தான் அத்தனை வருடம் பாடுபட்டார், அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் யாரும் காட்டவில்லை.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். நடத்தை என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு நரம்புத் தொகுதிக்குள்ளிருந்து வருகிறது. அந்த நரம்புத் தொகுதியைப் படியுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பியுங்கள். இப்போது அது சாதாரண தர விஞ்ஞானத்தில், சுட்டதும் கை தானாக விலகும் நரம்பு வழியைக் காட்டும் ஒரு தெறிவில் படத்தோடும், உயர்தர உயிரியலில் ஓர் அலகோடும் முடிகிறது. கலைப்பிரிவுப் பிள்ளைக்கும் வர்த்தகப்பிரிவுப் பிள்ளைக்கும் அதற்குப் பிறகு கண்ணிலும் படாது. ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்குத்தான் அது எல்லாரையும்விடத் தேவை.

பெரிய ஆய்வுகூடம் வேண்டுமே என்று நினைக்காதீர்கள். இந்த விஞ்ஞானத்தின் பெரிய கதவு ஒன்றைத் திறந்தது கணவாய். நம் மீன் சந்தையில் கிடக்கும் அதே கணவாய்தான். ஆபத்து என்றால் உடம்பை ஒரே சுருக்காகச் சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். ராவில் வெளிச்சம் போட்டுக் கணவாய் பிடிப்பவர்கள் தினமும் பார்க்கும் காட்சி. அந்தச் சுருக்கத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு நார் ஒரு மில்லிமீற்றர் வரை பருமன் உள்ளது. நம் உடம்பில் இருப்பவற்றில் பருத்தவைகூட அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய நார் என்பதால்தான் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அதற்குள் மின்வாயையே நுழைத்து அளந்தார்கள். சோடியம் உள்ளே பாய்கிறது, பொற்றாசியம் வெளியே போகிறது, அதுதான் நரம்புக் கணத்தாக்கம் என்று 1952 இல் எழுதிக் காட்டினார்கள். 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் நான் சந்தையில் ஒரு கிலோ கணவாய் வாங்கி வகுப்பில் விரித்து வைத்துத்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குவேன். கடற்கரைப் பிள்ளைகள் அன்றைக்கு என்னைவிட நன்றாகப் படிப்பிப்பார்கள். பாடம் முடிய அது கறிக்குப் போகும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள். ஏழு கிணறும் ஒரே சூடல்ல. சூடு கூடிய கிணற்று நீரில் ஒரு கையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள், பிறகு இரண்டு கையையும் சூடு குறைந்த நீரில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மற்றக் கைக்குச் சுடும். நாம் ‘உணர்கிறோம்’ என்பது வெளியே இருப்பதை அப்படியே எடுப்பதல்ல, நரம்பு தன் பழக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லலாம்.

அடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடல் தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது. ஏன் வேண்டாம் என்பதற்கு நான் இன்னொரு கடற்பிராணியைக் காட்டுகிறேன். கடல்முயல் என்பது ஓடு வெளியில் தெரியாத, நத்தை இனத்து உயிர். அதற்கு ஏறக்குறைய 20,000 நரம்புக்கலங்கள்தான். எரிக் கண்டெல் என்பவர் அதைப் பல வருடம் படித்து 2000 இல் நோபல் பரிசு பெற்றார். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால், மூச்சுவிடும் பூவை (செவுளை) உள்ளே இழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால், ஒன்றுமில்லை என்று பழகி இழுப்பதைக் குறைக்கும். ஆனால் வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். அதே மெல்லிய தொடுகைக்குப் பதறிச் சுருங்கும். சில நாட்கள் திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுத்தால் அந்தப் பதற்றம் கிழமைக்கணக்கில் நிற்கும். உள்ளே நரம்புகளுக்கு இடையிலான இணைப்புகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது.

கடல்முயலையும் பிள்ளையையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் நோவு கொடுத்த இடத்தில் உயிர் முதலில் படிப்பது பதறுவதற்குத்தான், பெருக்கல் வாய்பாட்டை அல்ல. என் தம்பிக்கு இப்போது முப்பதை நெருங்குகிறது. அவனுக்குப் பின்னால் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்து வந்தால் இன்றும் தோள் இரண்டும் காதுவரை ஏறும்.

இந்த மாவட்டத்தில் பதற்றம் படித்த நரம்புகள் பிள்ளைகளுடையவை மட்டுமல்ல. 2006 இல் போரினால் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் நடந்தே வெளியேறியவர்கள் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர். பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் பாய்கிற அப்பாவைப் பார்த்து வளர்கிற பிள்ளையிடம், பயம் வந்தால் சிந்திக்கிற மூளைக்குச் செய்தி போய்ச் சேர முன்னரே உடம்பு ஓடத் தயாராகிவிடும், அது கோழைத்தனமல்ல என்று ஒரு பாடத்தில் சொல்லிக்கொடுத்தால், அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி. காலை இழந்த ஒருவர் இல்லாத பாதத்தில் கடிக்கிறது, உளைகிறது என்பார். பைத்தியம் என்று சிரிப்பார்கள். கால்தான் போனது, மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் விம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு இறுகிப்போயிருந்த ‘கை’ தளர்ந்தது, நோவு குறைந்தது. கண்ணாடி வாங்க எந்தப் பாடசாலைக்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நித்திரை பற்றியும் ஒன்று. பருவ வயதில் உடம்பின் மணிக்கூடு பின்னுக்குப் போகும். நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பது பிந்துகிறது. பதினாறு வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கு நித்திரை வரவில்லை என்றால் அது அடங்காமை அல்ல. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதனால்தான் 2014 இல், எட்டரைக்கு முன் வகுப்பைத் தொடங்காதீர்கள் என்று அங்குள்ள பாடசாலைகளைக் கேட்டது. நமக்கு ஏழரைக்கு மணி அடிக்கிறது. அதற்கு முன் ஐந்தரைக்கு ரியூசன். நானும் அப்படி வகுப்பு வைத்தவள்தான். முன் வாங்கில் கண் செருகிய பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுப்பியிருக்கிறேன். பகலில் படித்ததை மூளை நித்திரையில்தான் பதிய வைக்கிறது என்று அவர்களுக்கே படிப்பித்துக்கொண்டு, அதே நித்திரையை நானே பறித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் அந்த வகுப்பை நிறுத்தினேன். மணி அடிக்கும் நேரத்தை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை, எனக்குத் தெரியும். முதல் பாடவேளையில் கொட்டாவி விடுகிறவனை எழுப்பி நிற்க வைக்காமல் இருக்கலாம்.

“அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் மூளைதான் காரணம், பிள்ளை என்ன செய்தாலும் விட்டுவிடுவதா?” என்று ஓர் அதிபர் என்னிடம் நேரே கேட்டார். நியாயமான கேள்வி. அப்படி நான் சொல்லவில்லை. கட்டுப்பாடும் மூளை செய்கிற வேலைதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதைப் பழகுகிறது, இருபது வயது தாண்டியும் பழகிக்கொண்டே இருக்கிறது. பழக்குவதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். குழப்படி செய்கிற பிள்ளைக்கு எல்லை சொல்லத்தான் வேண்டும். ஆனால் எது குழப்படி, எது நோய், எது பசி, எது நித்திரையின்மை, எது வீட்டில் நடந்தது என்று பிரித்துப் பார்க்க முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. வைத்தியம் பார்க்கும்படியும் நான் கேட்கவில்லை. பார்த்து எழுதி வையுங்கள், போதும். ‘பராக்கு’ என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக, “திங்கள் 9.20, எழுதும்போது நின்றான், பத்துச் செக்கன், இமை துடித்தது, கூப்பிட்டும் கேட்கவில்லை, பிறகு தானாகத் தொடர்ந்தான்” என்று எழுதியிருந்தால், அந்தக் கொப்பியைப் பார்த்த முதல் வைத்தியரே விஷயத்தைப் பிடித்திருப்பார். இப்போது கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. பெற்றோரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பத்துச் செக்கனை எடுத்து அவர்களிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

விழுந்து இழுக்கும் வலிப்பு வகுப்பில் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், பாதிப் பேர் இன்றும் திறப்புக் கோர்வையைத் தேடுகிறார்கள். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்க வேண்டாம். பிடித்து அமுக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிற மேசை கதிரையைத் தள்ளி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள், பயப்படவும் விடாதீர்கள்.

அடுத்த வருட முதலாம் தவணை தொடங்க முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கித் தாருங்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, பட்டணம் என்று கோட்டத்துக்கு ஒரு பாடசாலை மண்டபம் போதும். ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் கட்டாயம் வர வேண்டும், தமிழ் ரீச்சரும் கணக்கு சேரும் விளையாட்டு ஆசிரியரும்கூட வர வேண்டும். நரம்பியல் தெரிந்த வைத்தியர் ஒருவரைக் கூப்பிடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும், உங்கள் கடிதத்துக்குத்தான் அவர்கள் வருவார்கள். கணவாய், கண்ணாடி, கிழித்த தாள் எல்லாம் என் பொறுப்பு. என்னுடைய உயர்தர மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து படிப்பிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். காசு வேண்டாம், பகலுக்குச் சோற்றுப் பார்சல் இருந்தால் சரி.

தம்பியைக் கேட்டுத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அவன் இப்போது படகு எஞ்சின் திருத்துகிறான், நன்றாகத் திருத்துவான் என்று தொழிலாளர்கள் தேடி வருகிறார்கள். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னான். நீயும் வாறியா என்று கேட்டேன். எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, “கேற்றடி வரைக்கும் வாறன், அக்கா” என்றான்.

எந்தச் சனிக்கிழமை என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை